தள்ள மாட்டேன் என்ற சிசிலியாவும் பச்சைக் காரும்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கனிசியஸ் எங்கே என்று கேட்டால், "காருக்குள்ளை" என்பார்கள். கார் எங்கே என்று கேட்டால், "வீட்டிலை" என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஐஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, குளித்து, சாரம் மாற்றி, கையில் தேத்தண்ணீருடன் அவர் போய் உட்காருகிற இடம் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பச்சைக் காரின் சாரதி இருக்கை. திறப்பைத் திருப்பினால் வானொலி பாடும். எஞ்சினுக்கு அந்த நேரத்தில் ஓய்வு. பொழுதுபடும்வரை மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அசையாத காரில் ஆனந்தமாகப் பயணம் செய்துகொண்டிருப்பார்.

கார் சாதாரணமானதல்ல. எழுபதுகளில் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. இரண்டே இரண்டு இருக்கை, மடக்கி வைக்கக்கூடிய கூரை, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற உருவம். வேகத்துக்கென்றே செய்யப்பட்ட வாகனம். சுன்னாகத்தில் ஒரு சட்டத்தரணியின் கராச்சில், சண்டைக் காலம் முழுவதும் வெங்காயக் கடகங்களுக்கு அடியில் கிடந்தது. கனிசியஸ் அதை வாங்கியபோது சாரதி இருக்கையில் ஓர் அடைக்கோழி இருந்தது. அதைச் சமாதானப்படுத்தி இறக்கிய பிறகுதான் பேச்சுவார்த்தையே தொடங்கியது. வள்ளத்துக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ற் அடித்து, படங்குத் துணியில் கூரை தைத்து, அவர் அதை மறுபடி மனித வாகனமாக்கினார்.

ஆக்கியவர் அதை ஓட்டுவது சைக்கிள் வேகத்தில். ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் மிதித்து முந்திக்கொண்டு, திரும்பிப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போவார்கள். கனிசியஸும் பதிலுக்குக் கை காட்டுவார். வேகம் என்றால் அவருக்கு வெறுப்பு. உருகுகிற ஐஸோடு தொழிற்சாலைக்கும் கடற்கரைக்கும் இடையில் வாழ்நாள் முழுவதும் ஓடிய மனிதர் அவர். "கார் உருகாதுதானே, பிறகேன் அவசரம்?" என்பது அவருடைய நியாயம். யாழ்ப்பாணத்திலேயே மிக வேகமான காரை மிக மெதுவாக ஓட்டுகிறவர் என்ற பெயர் அவருக்கு இப்படித்தான் வந்தது. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அவருடைய மனைவி சிசிலியா அந்தக் காரில் ஏறியதே இல்லை. காரணம் கலியாண நாளோடு சம்பந்தப்பட்டது. கலியாணம் நடந்தது பெற்றோல் இல்லாத காலத்தில். மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் கார் ஒன்றில் மாப்பிள்ளையும் பெண்ணும் கோயிலிலிருந்து வீடு திரும்பினார்கள். பாதி வழியில் கார் இருமியது, புகைத்தது, நின்றது. மாப்பிள்ளைத் தோழன் தள்ளினான், மாப்பிள்ளை தள்ளினார், போதவில்லை. கடைசியில் வெள்ளைக் கூறைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மணப்பெண்ணும் இறங்கித் தள்ளினார். கார் கிளம்பியது. கிளம்பிய கார் நிற்காமல் சந்திவரை போய்விட்டதால், மூவரும் அதன் பின்னால் நடந்துபோய் ஏறினார்கள். அன்றைக்குச் சிசிலியா ஒரு முடிவெடுத்தார்: இனி எந்தக் காரையும் தள்ளுவதில்லை. புருஷன் வாங்கி வந்த பழைய காரைப் பார்த்ததும் அந்த முடிவுக்கு ஒரு துணை முடிவும் சேர்ந்தது: இதில் ஏறுவதில்லை.

இப்போது முப்பதாவது கலியாண நாள் வந்துகொண்டிருந்தது. மணற்காட்டிலிருந்த சிசிலியாவின் தம்பி ஜெறோம், விருந்து தன் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டான்.

"காரிலை போவமே?" என்றார் கனிசியஸ், சோற்றைப் பார்த்தபடி.

"எந்தக் காரிலை?"

"எங்கடை காரிலை."

சிசிலியா அகப்பையைக் கீழே வைத்தார். அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று முப்பது வருடத்தில் கனிசியஸால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரி, வாறன். ஆனால் ஒரு கதை இருக்கு. உது வழியிலை ஒருக்கா நிண்டாலும் நான் இறங்கமாட்டன், தள்ளமாட்டன். நிண்டால் பிறகு அந்தக் காரும் எங்களுக்கு வேண்டாம். ஜெறோம் சொல்லுற கொழும்பு ஆளுக்குக் குடுத்துப்போட்டு ஒரு ஓட்டோ வாங்குங்கோ. சம்மதமோ?"

கொழும்பில் பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர் ஜெறோமுக்குப் பழக்கம். பச்சைக் காரின் படத்தைக் கண்ட நாளிலிருந்து அவர் போன் எடுத்துக்கொண்டேயிருந்தார். ஜெறோமும், "அத்தான், மனுசன் விடுறார் இல்லை. உங்களுக்கு வானொலி கேக்கத்தானே வேணும், நான் ஒரு றேடியோ வாங்கித் தாறன்" என்று பகிடி விட்டுக்கொண்டேயிருந்தான்.

"சம்மதம்," என்றார் கனிசியஸ். சொன்ன பிறகுதான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று யோசித்தார். ஏனென்றால், காருக்குக் கொஞ்ச நாளாகச் சுகமில்லை.

பற்றரி இறங்கிக்கொண்டேயிருந்தது. வீட்டில் போட்டுச் சார்ஜ் ஏற்றினால் நாலு தரம் ஸ்டார்ட் வரும். ஐந்தாம் தரம் ஒரு முனகல். எஞ்சின் ஓடும்போது அதோடு சேர்ந்து சுற்றி மின்சாரம் செய்து பற்றரிக்கு ஊட்டவேண்டியது ஒல்ரனேற்றர் என்கிற உருண்டைச் சாமான். அது ஊட்டவில்லை. ஏன் ஊட்டவில்லை என்பதுதான் கேள்வி.

கேள்விக்குப் பதில் நீர்வேலியில் இருப்பதாகக் கனிசியஸ் நம்பினார். அங்கே வாழைத் தோட்டத்தை ஒட்டி சிவரூபனின் வாகன மின்வேலைக் கடை இருக்கிறது. சிவரூபன் கெட்டிக்காரன். அதை அவனே சொல்வான். ஒவ்வொரு முறையும் காருக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று உடனே கண்டுபிடிப்பான், ஒவ்வொரு முறையும் அது வேறு வருத்தமாக இருக்கும்.

முதல் முறை, "பெல்ற் தொய்ஞ்சு போச்சண்ணை, வேறையொண்டும் இல்லை" என்று இழுத்து இறுக்கினான். அடுத்த முறை, பிரஷ் தேய்ந்துவிட்டது என்று புதிதாகப் போட்டான். அதற்கடுத்த முறை, பற்றரியின் எர்த் வயர் கறள் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து, உலகத்தின் துன்பங்களுக்கெல்லாம் கறள்தான் காரணம் என்பதுபோல ஒரு பிரசங்கமும் வைத்தான். கடைசியில் ஒல்ரனேற்றரையே கழற்றி, மேசையில் பூட்டி, மோட்டர் வைத்துச் சுற்றிப் பார்த்தான். அது அருமையாக வேலை செய்தது.

"பாருங்கோ! பதினாலு வோல்ற். குதிரை மாதிரி!"

குதிரையைத் திரும்பக் காரில் பூட்டினார்கள். கனிசியஸ் ஓட்டிப் பார்த்தார். வோல்ற் மீற்றர் பன்னிரண்டைத் தாண்டவில்லை, சார்ஜ் ஏறவில்லை.

"இறங்குங்கோ அண்ணை, நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்." சிவரூபன் ஏறினான், கோப்பாய்வரை பறந்தான், பறந்து திரும்பினான். கோழிகள் ஒதுங்கிய தூசு அடங்குவதற்குள் மீற்றரைக் காட்டினான். பதினாலு.

கனிசியஸ் மறுபடி ஓட்டினார். பன்னிரண்டு. சிவரூபன் ஓட்டினான். பதினாலு. கடையடியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவந்து பார்த்தார்கள். ஒருவர் காருக்குக் கண்ணூறு என்றார். இன்னொருவர், கார் இந்துக் கார், சட்டத்தரணி வீட்டில் வளர்ந்தது, அதுதான் கத்தோலிக்கருக்கு மின்சாரம் கொடுக்க மறுக்கிறது என்றார்.

"அண்ணை," என்றான் சிவரூபன், கையைத் துடைத்தபடி, "உங்கடை காருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் உங்களிலைதான். கொஞ்சம் கெதியா ஓட்டினால் என்ன?"

"கெதியா ஓட்டுறதுக்கு நான் ஏன் காரிலை போகவேணும்?" என்றார் கனிசியஸ். இது பதில்தானா என்று சிவரூபன் தேத்தண்ணீர் குடித்தவர்களிடம் கண்ணால் கேட்டான்.

"ஒண்டு கேக்கிறன். ஓடேக்கை முன்னுக்கு அந்தச் சின்னச் சிவப்பு லைற் எரியுதோ? எரிஞ்சால் சார்ஜ் இல்லையெண்டு அர்த்தம்."

"இல்லை. எரியேல்லை," என்றார் கனிசியஸ். அது முழு உண்மை.

"அப்ப வயரிங் சரி," என்றான் சிவரூபன். அவனும் எட்டிப் பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, லைற் எரியவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் கனிசியஸ் எஞ்சினை நிறுத்தாமலே கொண்டுவருகிறவர். சிவரூபனும் திறப்பை ஒரே திருப்பில் ஸ்டார்ட்வரை கொண்டுபோகிற அவசரக்காரன். எஞ்சின் கிளம்புமுன் அந்த லைற் எரிகிறதா என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

எரிந்திருக்க முடியாது. பல்ப் அங்கே இல்லை. அதைக் கழற்றியவர் கனிசியஸ்.

இதைப் புரிந்துகொள்ள அவர் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். கனிசியஸ் ஓர் அறையைக் கடந்து போனால் அங்கே வெளிச்சம் இருக்காது. உள்ளே ஆள் இருந்தாலும் சிலவேளை இருக்காது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமே இல்லாத வருடங்களில், ஜாம் போத்தலுக்குள் திரியை வைத்து, சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு வெளிச்சம் கண்டவர் அவர். தேவையில்லாமல் ஒரு விளக்கு எரிவதைக் கண்டால் அவருக்குப் பல் கூசும். சிசிலியாவும் அதே இருட்டில் இருந்து வந்தவர்தான். அவர் படித்த பாடம் நேர் எதிரானது: போதுமான அளவு இருட்டுப் பார்த்தாயிற்று, இனி எரியட்டும். ஆகவே அந்த வீட்டில் மாலையானால் சிசிலியா சுவிச்சுகளைப் போட்டுக்கொண்டு முன்னால் போவார், கனிசியஸ் அணைத்துக்கொண்டு பின்னால் வருவார். மற்றப்படி ஒற்றுமையான குடும்பம்.

அப்படிப்பட்டவர் மாலை முழுவதும் நின்ற காருக்குள் வானொலி கேட்கிறார். கண்ணுக்கு நேரே ஒரு சின்னச் சிவப்பு லைற் ஒரு வேலையும் செய்யாமல் எரிந்துகொண்டிருக்கிறது. பற்றரி வீணாகிறதே என்று ஒருநாள் டாஷ்போட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பல்ப்பைக் கழற்றினார். அது ஒரு திருத்தமென்றோ மாற்றமென்றோ அவருக்குத் தோன்றவில்லை. அறையை விட்டு வரும்போது சுவிச்சை அணைத்ததைக் கடையில் போய்ச் சொல்வார்களா? மறந்தும் போனார்.

கலியாண நாள் வந்தது. முதல்நாளே பற்றரிக்கு வீட்டில் சார்ஜ் போட்டிருந்தார். கணக்கும் பார்த்து வைத்திருந்தார்: குருநகரில் ஒருதரம் ஸ்டார்ட் செய்வது, மணற்காட்டில் நிறுத்துவது. நடுவில் எஞ்சினை அணைக்காவிட்டால் தப்பலாம்.

சிசிலியா நீலப் பட்டுச் சேலையில், கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். "நல்லாத்தான் இருக்கு," என்றார், பெருந்தன்மையோடு. "இதென்ன, நிலத்திலை இருக்கிற மாதிரி."

பெரிய கோயிலடியில் காரை நிறுத்தச் சொன்னார். ஒரு மெழுகுதிரி கொளுத்தாமல் எப்படிப் போவது? கனிசியஸ் எஞ்சினை ஓடவிட்டு நின்றார். திரும்பி வந்த சிசிலியா, "கோயில் வாசலிலை உப்பிடியே இரையவிடுறது? மரியாதை இல்லையோ?" என்று கையை நீட்டித் திறப்பைத் திருப்பி அணைத்தார். ஒரு ஸ்டார்ட் போயிற்று. நீர்வேலியில் ஜெறோமுக்கு வாழைக்குலை வாங்க வேண்டியிருந்தது. குலைக்காரி சிசிலியாவோடு பள்ளியில் படித்தவள். கதை நீண்டதால் பெற்றோல் மணக்கிறது என்று எஞ்சினை அணைக்க வைத்தார்கள். இன்னொரு ஸ்டார்ட். குலை மடியில் ஏறியது, கேக் அதன்மேல் ஏறியது. சிசிலியாவுக்கு முன்கண்ணாடியே தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தார். கனிசியஸ் மட்டும் மீற்றரைப் பார்த்துப் பார்த்து வியர்த்தார்.

புத்தூரைத் தாண்டியதும் வானம் கறுத்தது. வல்லை வெளிக்கு வரும்போது மழை பிடித்தது. ஒரு மரம், ஒரு வீடு இல்லாத அந்தப் பரந்த வெளியில் மழையும் காற்றும் நேரே வந்து முகத்தில் அடிக்கும். வைப்பரைப் போட்டார், லைற்றைப் போட்டார். வைப்பர் முதலில் ஓடியது, பிறகு நடந்தது, பிறகு பிரார்த்தனை செய்வதுபோல் நடுவில் கைகூப்பி நின்றது. எஞ்சின் இரண்டு தரம் இருமியது.

கார் நின்றது.

மழையும் உடனே விட்டது. அது கனிசியஸுக்கு மிகவும் அநியாயமாகப் பட்டது.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சரி சிசிலியா," என்றார். "சொன்னது சொன்னதுதான். ஜெறோமிட்டைச் சொல்லுவம்."

சிசிலியா இறங்கவில்லை. சேலையில் ஒழுகியிருந்த மழைத்தண்ணீரைத் துடைக்க ஏதாவது துணி கிடைக்குமா என்று டாஷ்போட் பெட்டியைத் திறந்தார். பழைய கைலேஞ்சி ஒன்று இருந்தது. அதற்குள் முடிச்சுப் போட்டு ஒரு சின்னப் பல்ப்.

"இதென்ன?"

"அதொண்டுமில்லை. இந்தா, இந்தச் சிவப்புக் கண்ணுக்குப் பின்னாலை இருந்தது. சும்மா எரிஞ்சுகொண்டிருந்தது. கழட்டிப்போட்டன்."

சிசிலியா பல்ப்பைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், வாழைக்குலைக்கு மேலால் பார்த்தார். முதலில் வயிறு குலுங்கியது, பிறகு கேக் பெட்டி குலுங்கியது, பிறகு வல்லை வெளி முழுவதும் கேட்கச் சிரித்தார்.

"கடவுளே! வீட்டிலைதான் விடுறியள் இல்லையெண்டு பாத்தன், காருக்குள்ளையும் லைற்றை நூத்துப்போட்டியளோ! கொண்டாங்கோ. கார் போற இடத்துக்குப் போகட்டும். நான் இருக்கிற இடத்திலை லைற் எரியவேணும். பூட்டுங்கோ."

தோற்ற மனிதர் டாஷ்போட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பல்ப்பைப் பூட்டினார். திறப்பைத் திருப்பினார். சிவப்பு லைற் மங்கலாக எரிந்தது. ஸ்டார்ட்டர் மட்டும் ஒரு முனகலோடு நிறுத்திக்கொண்டது.

அப்போது மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று பின்னால் வந்து நின்றது. புத்தூர்த் தோட்டக்காரர் இருவர் குதித்தார்கள்.

"ஐயா, உது பறக்கிற சாமான் எண்டெல்லோ கேள்விப்பட்டனாங்கள்!"

"பறந்து களைச்சுப்போச்சு, தம்பி," என்றார் கனிசியஸ்.

"தள்ளுவம், தள்ளுவம். அம்மா இறங்கேல்லையோ?"

"இல்லை ராசா," என்றார் சிசிலியா வாழைக்குலைக்குப் பின்னாலிருந்து. "நான் முப்பது வரியத்துக்கு முந்தியே தள்ளி முடிச்சிட்டன்."

கிழங்கு கிண்டிய கையோடு இருவரும் தள்ளினார்கள். கார் உருண்டது, உதறியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தக் கணமே சிவப்பு லைற் தானாக அணைந்தது. அணைந்ததும் வைப்பர், மழை இல்லாத கண்ணாடியில், பேய் பிடித்ததுபோல இடமும் வலமும் அடிக்கத் தொடங்கியது. கனிசியஸ் மீற்றரைப் பார்த்தார். பதினாலு. அவர் சைக்கிள் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். பதினாலு!

ஒரு கையால் போனை எடுத்துச் சிவரூபனுக்கு அடித்தார். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் மறுபக்கத்தில் ஸ்பானர் ஒன்று கீழே விழும் சத்தம். பிறகு பெருமூச்சு.

"அண்ணை, பல்ப்பைக் கழட்டினதை எனக்குச் சொன்னியளோ?"

"நீர் எரியுதோ எண்டுதானே கேட்டனீர்?"

"கேளுங்கோ அண்ணை. சில பெரியப்பாமார் இருக்கினம், வீட்டை போய்ச் சொல்லாமல் கலியாணத்துக்கு வரமாட்டினம். ஒல்ரனேற்றரும் அந்தச் சாதி. ஸ்டார்ட் ஆகேக்கை பற்றரியிலையிருந்து கொஞ்சக் கறன்ற் போய்க் கூப்பிடவேணும். போற வழி அந்த லைற்தான். அதைக் கழட்டினால் அவர் வரார். நான் கெதியா ஓடினாப்போலை பெரிய மேளச் சத்தம், அழைப்பில்லாமலே வந்திட்டார். நீங்கள் ஓடுற ஓட்டத்துக்கு அவருக்குக் கலியாணம் நடக்குதெண்டே தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "நானும் பாத்திருக்க வேணும். நீங்கள் ஆருக்கும் சொல்லாதேங்கோ, நானும் ஆருக்கும் சொல்லமாட்டன்" என்றான்.

வெயில் வந்தது. சிசிலியா கூரையை மடக்கச் சொன்னார். எஞ்சினை அணைக்கச் சொல்லவில்லை. ஓரமாக நிறுத்தி மடக்கிய பிறகு காற்று இருவர் தலையையும் கலைத்தது. "கொஞ்சம் கெதியாப் போனால்தான் என்ன?" என்றார். கனிசியஸ் வாழ்க்கையில் முதல்தரம் இரண்டு சைக்கிள்களை முந்தினார். மூன்றாவதையும் முந்தச் சொல்லி சிசிலியா அவர் தோளில் தட்டினார்.

ஆனால் நெல்லியடி தாண்டியதும் கனிசியஸின் முகம் மறுபடி இருண்டது. கனிசியஸ் பொய் சொல்லத் தெரியாதவர். கார் நின்றது நின்றதுதான். பேச்சுப் பேச்சுதான். ஜெறோமிடம் எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மணற்காட்டு மணலுக்குள் காரைத் திருப்பினார்.

அக்காவின் நிபந்தனையை முன்பே கேட்டறிந்திருந்த ஜெறோம் வாசலில் போனோடு நின்றான்.

"அக்கா! வந்து சேந்திட்டியளோ? கொழும்பு ஆள் லைனிலைதான் நிக்கிறார். சொல்லுங்கோ அத்தான், வழியிலை எங்கை நிண்டது?"

கனிசியஸ் வாயைத் திறந்தார். சிசிலியா கேக் பெட்டிக்குள் கையை விட்டு, நசுங்கிய துண்டு ஒன்றை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தார்.

"எங்கை நிண்டதோ? வல்லை வெளியிலை காத்து வாங்க நிப்பாட்டினனாங்கள். கலியாண நாள் எண்டால் நிப்பாட்டித்தானே ரசிக்கவேணும். அந்த ஆளிட்டைச் சொல்லு, கார் குடுக்கிறதுக்கில்லை. நான் இப்பதான் ஏறத் தொடங்கியிருக்கிறன்."

ஜெறோம் லேசில் விடுகிறவனல்ல. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பின்பக்கம் போனவன் அங்கேயே நின்றான். பச்சைப் பெயின்றின்மேல், காற்றில் காய்ந்து, விரல் விரலாக, நாலு செம்மண் கைகள் பதிந்திருந்தன.

"அக்கா, இதென்ன?"

சிசிலியா ஒரு கணமும் தயங்கவில்லை.

"புத்தூர்ச் சனம். முப்பது வரியம் எண்டு கேள்விப்பட்டு ஆசீர்வதிச்சு அனுப்பினவை. வா, குலையை இறக்கு."